ரன் பெருசா, கலர் பெருசா?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வருஷம் ஒன்றுகூடலை எங்க ஊர் குஜிலியம்பாறையில் வைத்ததற்கு முதலில் நன்றி. திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாகக் கரூர் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டே எங்க ஊரைக் கடந்து போனவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். இன்றைக்குத்தான் இறங்கியிருக்கிறீர்கள்.

"சீட்டு பத்திப் பேசப்போறேன்" என்று செயலாளரிடம் சொன்னேன். அவர் ஏலச்சீட்டு என்று நினைத்துக்கொண்டு "ரொம்ப அவசியமான தலைப்பு சார்" என்றார். அது இல்லை, ஐம்பத்திரண்டு சீட்டு என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. வள்ளுவர் சூதுக்கென்று 94ஆவது அதிகாரத்தையே ஒதுக்கி வைத்திருக்கும்போது கல்லூரி விழாவில் இது தேவையா என்று சிலருக்குத் தோன்றலாம். குறளை எனக்குப் பின்னால் பேசுகிற தமிழாசிரியர் சொல்வார். நான் கணக்கு வாத்தியார், கணக்கைச் சொல்கிறேன்.

எங்க வட்டாரத்தில் சீட்டு விளையாடத் தெரியாத ஆம்பளை குறைவு. கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி, சாவு வீட்டில் விடியும்வரை, சிவராத்திரிக்குக் கண் முழிக்க, கடலை பிடுங்கி முடிந்த பிறகு புளியமரத்து நிழலில் என்று சீட்டுக்கட்டு வராத இடம் இல்லை. பதின்மூன்று சீட்டு ரம்மி பொழுதுபோக்கு. மூணு சீட்டு என்றால் காசு. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் ரம்மிக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மூணு சீட்டுக்காரர்கள் விரட்டுவார்கள். இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றமும் கவனித்திருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் மீது வந்த வழக்கில் 1967இல் தீர்ப்புச் சொன்னார்கள். ரம்மியில் எந்தச் சீட்டு விழுந்தது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று நினைவும் திறமையும் வேண்டும், அது மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை என்றார்கள். இன்றுவரை சீட்டு வழக்கு எது நடந்தாலும் இந்தத் தீர்ப்பை எடுக்காமல் வக்கீல்கள் பேச மாட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் கையில் இருக்கிற ஆட்டம் வேறு. போக்கர். அதிலும் டெக்சாஸ் ஹோல்டெம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ராப்ஸ்டவுன் என்ற சின்ன ஊர்தான் இதன் பிறப்பிடம் என்று அந்த மாநிலச் சட்டமன்றமே 2007இல் தீர்மானம் போட்டது. லாஸ் வேகாசில் 1970இல் தொடங்கிய உலகப் போட்டியின் முதன்மை ஆட்டமாக ஆனது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதி பெற்று, அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். மணிமேக்கர் என்பது அவருடைய நிஜப் பெயர்தான்! அந்த ஒரு செய்திக்குப் பிறகு உலகம் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தவன் எல்லாம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளக் கிளம்பினான்.

என் தங்கச்சி மகனும் கிளம்பினான். வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவன். பொங்கல் லீவுக்கு வந்தவன் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, ஒரு சந்தேகம். ரன்னு பெருசா, கலரு பெருசா?"

"எத்தனை சீட்டுல மாப்ளே?"

"அதென்ன மாமா, சீட்டு எத்தனையா இருந்தா என்ன? ரன்னுதான பெருசு?"

"எவ்வளவு போச்சு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "நூத்தி எண்பது" என்றான். ஹாஸ்டல் அறையில் ஹோல்டெம் ஆடியிருக்கிறார்கள். இவன் கையில் ரன், எதிராளியிடம் கலர். ஊரில் மூணு சீட்டு பார்த்து வளர்ந்த தைரியத்தில் இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டான். அங்கே கலர் பெருசு என்று சொல்லிக் காசை அள்ளிக்கொண்டார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று இவன் சொல்ல, கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறது.

ஏமாற்றவில்லை. இரண்டு விதியும் சரிதான். மூன்று சீட்டில் ரன் பெரியது, ஐந்து சீட்டில் கலர் பெரியது. ஏன் என்று எண்ணிப் பார்த்தால் தெரியும். ஒரு நோட்டை எடுத்துவரச் சொன்னேன். தம்பிகளே, நீங்களும் மனசுக்குள் கூடவே போடுங்கள்.

முதலில் மூன்று சீட்டு. 52இல் மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். கலர் என்றால் மூன்றும் ஒரே ஜாதி. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் இவற்றில் ஏதாவது ஒன்று. ஒரு ஜாதியில் 13 சீட்டு, அதில் மூன்றை எடுக்க 286 வழி. நான்கு ஜாதிக்கு 1,144. ரன் என்றால் வரிசை: ஏஸ்-2-3இல் தொடங்கி ராணி-ராஜா-ஏஸ் வரை 12 வரிசை. ஒவ்வொரு சீட்டும் நான்கு ஜாதியில் எதுவாகவும் இருக்கலாம், ஆக நாலு நாலு பதினாறு, பதினாறு நாலு அறுபத்து நாலு. 12ஐ 64ஆல் பெருக்க 768. இரண்டிலும் பொதுவாக இருக்கிற, வரிசையாகவும் ஒரே ஜாதியாகவும் வருகிற 48ஐக் கழித்தால் கலர் 1,096, ரன் 720. குறைவாக வருவது ரன். அதனால் ரன் பெரியது.

இனி ஐந்து சீட்டு. மொத்தம் 25,98,960 விதம். ஒரு ஜாதியின் 13இல் ஐந்தை எடுக்க 1,287 வழி, நான்கு ஜாதிக்கு 5,148. ரன்னில் வரிசைகள் பத்துதான், ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் நாலு ஜாதி என்பதால் 64 இப்போது 1,024 ஆகிவிடுகிறது. ஆக 10,240. பொதுவான 40ஐ இரண்டிலும் கழித்தால் கலர் 5,108, ரன் 10,200. ரன் இரண்டு மடங்கு மலிந்துவிட்டது! அதனால் ஐந்து சீட்டில் கலர் பெரியது.

மாப்பிள்ளை நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதைத் தெரிஞ்சிருந்தா நூத்தி எண்பது போயிருக்காதே மாமா" என்றான். "போயிருக்காது, ஆனா நீ இன்னும் ரூல்ஸையே முழுசாக் கத்துக்கலியே" என்றேன். அலமாரியில் பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டை டப்பாவை எடுத்து, ஆளுக்கு நூறு கொட்டை எண்ணி வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காமல். நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு வரும். முதலில் மூன்றை ஒன்றாகத் திறப்பார்கள், பிறகு ஒன்று, கடைசியில் இன்னொன்று. ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்பும் கட்டின் மேல் சீட்டு ஒன்றைப் பார்க்காமல் கழித்துவிட வேண்டும், மேல் சீட்டில் அடையாளம் வைத்து யாரும் திருடிவிடக் கூடாதென்று. உன் இரண்டும் நடுவில் உள்ள ஐந்தும் சேர்ந்து ஏழு. அந்த ஏழில் எந்த ஐந்து உயர்ந்ததோ அதுதான் உன் கை. பந்தயம் நான்கு சுற்று: இரண்டு சீட்டு வந்ததும் ஒன்று, மூன்று திறந்ததும் ஒன்று, நாலாவதுக்குப் பிறகு ஒன்று, ஐந்தாவதுக்குப் பிறகு ஒன்று. உன் முறை வரும்போது யாரும் வைக்கவில்லை என்றால் சும்மா தட்டிவிடலாம், அல்லது வைக்கலாம். யாராவது வைத்திருந்தால் அதே அளவு வைக்கலாம், ஏற்றலாம், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிடலாம்.

இங்கே எங்க ஊர்க்காரனுக்கு ஒரு பொறி இருக்கிறது. மூணு சீட்டில் 'பிளைண்ட்' என்றால் தன் சீட்டைப் பார்க்காமலே ஆடுகிறவன். பார்த்தவன் வைப்பதில் பாதி வைத்தால் அவனுக்குப் போதும். ஹோல்டெமில் பிளைண்ட் என்பது சலுகையே இல்லை. சீட்டுப் போடுகிறவனுக்கு அடுத்து இருக்கிற இரண்டு பேர் சீட்டு வரும் முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய தொகை. முதல் ஆள் பாதி, அடுத்த ஆள் முழுசு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்தக் கடமை ஒரு இடம் நகரும். பேர் ஒன்று, பொருள் வேறு.

கைகளின் வரிசையைக் கீழிருந்து சொல்கிறேன். ஒன்றுமில்லாதது, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, மூன்று ஒரே எண், ரன், கலர், மூன்றும் இரண்டும் சேர்ந்த 'புல் ஹவுஸ்', நான்கு ஒரே எண், ஒரே ஜாதியில் ரன். இரண்டு பேருக்கும் ஒரே ஜோடி என்றால் மிச்சச் சீட்டில் எது பெரியது என்று பார்க்க வேண்டும். உன்னிடம் ராஜா ஜோடியும் பத்தும், அவனிடம் ராஜா ஜோடியும் ஏஸும் என்றால் அவன் ஜெயித்தான். ஐந்தும் சமம் என்றால் குவியலைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். இஸ்பேட் உசத்தி, கிளாவர் மட்டம் என்ற பேச்சே கிடையாது.

ஐந்து சீட்டில் இந்த வரிசை அப்படியே எண்ணிக்கை வரிசைதான், எது அரிதோ அது மேலே. நம்ம மூணு சீட்டில் மட்டும் ஒரு கோணல் இருக்கிறது. மூன்றும் ஒரே எண் 52 விதமாக வரும். ஒரே ஜாதியில் ரன் 48 விதம்தான். கணக்குப்படி ரன்தான் மேலே இருக்க வேண்டும். ஆனால் எல்லாரும் மூன்று ஏஸைத்தான் உச்சியில் வைக்கிறோம். இங்கிலாந்துக்காரர்களின் 'பிராக்' ஆட்டத்திலும் இதே கோணல்தான். மூன்று ராஜாவைக் கையில் பிடித்தவனிடம் போய் "உன்னுது ரெண்டாவதுய்யா" என்று சொல்ல யாருக்குத் தைரியம் வந்திருக்கும்?

புளியங்கொட்டை ஆட்டத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு கை வந்தது. இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஒன்பது. நடுவில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் நாலு, டைமன் ஏழு. இன்னும் ஒரு இஸ்பேட் விழுந்தால் அசைக்க முடியாத கலர். நான் மூன்று திறந்ததும் ஒன்றும் வைக்கவில்லை, அவனும் தட்டிவிட்டான். நாலாவது சீட்டு உதவவில்லை. குவியலில் 60 கொட்டை. நான் 20 வைத்தேன். அவன் யோசிக்கவே இல்லை, கொட்டையைத் தள்ளப் போனான். கையைப் பிடித்தேன். "எண்ணு."

உனக்குத் தெரிந்த சீட்டு ஆறு. தெரியாதது 46. அதில் இஸ்பேட் ஒன்பது. 46இல் 9 என்றால் நூற்றுக்கு இருபதுக்குக் கொஞ்சம் கீழே. நீ 20 வைத்தால் நடுவில் நூறு ஆகும், அதில் உன் பங்கு 20, அதாவது நூற்றுக்கு இருபது. உனக்கு வரும் வாய்ப்பு நீ கொடுக்கும் விலையைவிட ஒரு மயிரிழை குறைவு. நான் 10தான் வைத்திருந்தால்? நடுவில் 80, உன் பங்கு 10, நூற்றுக்குப் பன்னிரண்டரை. அப்போது கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். அதே கை, அதே ஒன்பது இஸ்பேட். விலை மட்டும் மாறியது, முடிவும் மாறிவிட்டது. கடைசிச் சுற்றில் எதிராளி இன்னும் கொஞ்சம் வைப்பான் என்று நம்பினால் 20க்கும் தள்ளலாம் என்று வாதாடலாம். மாப்பிள்ளை வாதாடினான். அந்த வாதம் செய்யத் தெரிந்தவன்தான் ஆட்டக்காரன்.

இரண்டு பேர் பாதியில் நிறுத்திய ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பாஸ்கலும் பெர்மாவும் 1654இல் கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்துதான் நாம் பி.எஸ்சி.யில் படித்த நிகழ்தகவே வளர்ந்தது. கணிதத் துறையில் ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வைக்க வேண்டும் என்று நான் படித்த காலத்திலேயே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். துறைத் தலைவர் சிரிக்கிறார், அனுமதி என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, போக்கரில் திறமை உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2023 நவம்பரில் அப்படித்தான் சொன்னது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து, கடன்பட்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி வரிசையாக வந்த பிறகு தமிழக அரசு 2021இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. பிறகு 2022இல் நீதிபதி சந்துரு குழு அமைத்து, அறிக்கை வாங்கி, சட்டசபையில் இரண்டு முறை நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஆளுநர் கையெழுத்தோடு இன்னொரு சட்டம் வந்தது. நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்ததை மட்டும் ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வேறு வழியில் போனது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே விட்டுவிட்டு, இணையத்தில் பணம் கட்டி ஆடவைக்கிற எதையும் நடத்தக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது, அதற்கு வங்கிகள் பணம் கடத்தக் கூடாது என்று சட்டம் இயற்றினார்கள். நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, அவனைப் பாதிக்கப்பட்டவனாகப் பார்க்கிறது சட்டம்.

அறுபது வருஷமாக நீதிமன்றங்கள் திறமையா அதிர்ஷ்டமா என்று அலசின. மாப்பிள்ளையும் அதைத்தான் பிடித்துக்கொண்டான். "திறமை இருந்தா ஜெயிக்கலாம்ல மாமா?" அவனுக்கு நான் போட்ட கடைசிக் கணக்கு இது.

ஆறு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாய், மொத்தம் ஆறாயிரம். இடம் கொடுக்கிறவன், போனில் என்றால் ஆட்டத்தை நடத்துகிற கம்பெனி, ஒவ்வொரு குவியலிலும் நூற்றுக்கு ஐந்து எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சராசரிக் குவியல் 300 ரூபாய். ஒரு ஆட்டத்துக்கு அவன் பங்கு 15. மணிக்கு 60 ஆட்டம். மணிக்கு 900 ரூபாய். இதே வேகத்தில் போனால் ஏழு மணி நேரம் முடிவதற்குள் ஆறாயிரமும் அவன் பையில். அவனுக்கு ஒரு சீட்டுகூட வரவில்லை. ரன்னும் இல்லை, கலரும் இல்லை.

"அப்போ அந்த ஆறு பேருல நல்லா ஆடறவன்?" என்றான். அவன் மற்ற ஐந்து பேரைவிட நன்றாக ஆடினால் போதாது. அந்த 900இல் தன் பங்கையும் தாண்டுகிற அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். அப்படி ஒருத்தன் இருக்கலாம். திறமை என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவனோடு ஒப்பிட்டுப் பார்க்கிற சமாச்சாரம். ஹாஸ்டல் அறையில் எதிரில் இருப்பவன் யார் என்று உனக்குத் தெரியும். போனில் எதிரில் இருப்பவன் பத்து வருஷமாக இதையே தொழிலாகச் செய்கிறவனா, ஆளே இல்லாத கம்ப்யூட்டரா என்று உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பங்கு எவ்வளவு என்பதும் விதிதான் மாப்ளே. கைகளின் வரிசையை எல்லாரும் முதல் பக்கத்தில் போட்டிருப்பான். இதைத் தேடித்தான் படிக்கணும்.

அவன் பதில் சொல்லவில்லை. இன்னொரு ஆட்டம் போடலாம் என்றான். ராத்திரி பதினொன்று வரை போட்டோம். என் தங்கச்சி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, "நல்லா வளக்கிறண்ணே என் புள்ளைய" என்று சொல்லிவிட்டுப் போனது. என்னுடைய நூறு கொட்டையில் அறுபத்தைந்து அவனிடம் போய்விட்டது. மறுநாள் அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குக் கிளம்பினான், அறையில் இருக்கிறவன்களுக்குக் காட்டப் போகிறேன் என்று.

பந்தி போட்டாச்சு என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். கணிதத் துறைத் தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கை மட்டும் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். ஹோல்டெமில் ஏழு சீட்டு என்று சொன்னேன். ஏழு சீட்டை 13,37,84,560 விதமாக எடுக்கலாம். அதில் ஒரு ஜோடி மட்டும் வருவது 5,86,27,800. ஒன்றுமே இல்லாமல் போவது 2,32,94,460. ஒன்றுமில்லாததுதான் அரிது! இருந்தும் ஜோடிதான் ஜெயிக்கிறது. அரிதானது மேலே என்ற விதியை இங்கே மட்டும் ஏன் யாரும் மாற்றவில்லை? மாற்றினால் என்ன ஆகும்? ஏழில் எந்த ஐந்தைக் காட்டுவது என்பது ஆடுகிறவன் இஷ்டம் என்பதை மறந்துவிடாதீர்கள். விடை கிடைத்தவர்கள் சாப்பிடும்போது என் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.